மூச்சுக் கலை தந்த முதுகுடி

இசைக்கருவிகளை நரம்புக் கருவி, தோற்கருவி, துளைக்கருவி, கஞ்சக் கருவி என வகைப்படுத்துவது நம் மரபு. இவற்றுள் துளைக்கருவிக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. வீணையை மீட்டுவது விரல். முழவை முழக்குவது கை. குழலை ஒலிக்கச் செய்வதோ உயிரைத் தாங்கி நிற்கும் மூச்சு. ஆதலின், துளைக்கருவியைப் பயில்வோர் இசையை மட்டும் பயில்வதில்லை. தம் மூச்சை ஆளவும் பயில்கின்றனர்.

இவ்வுண்மையை மிகத் தெளிவாக எடுத்துக்காட்டும் கருவியொன்று ஆஸ்திரேலியக் கண்டத்தின் வடபகுதியில் வாழும் பழங்குடி மக்களிடம் உண்டு. உலகம் அதனை 'டிஜெரிடூ' என்று அழைக்கிறது. விரல் வைக்கத் துளைகள் இல்லை. ஒலியை எழுப்பச் சீவாளி இல்லை. நரம்பும் இல்லை, தோலும் இல்லை. இரு முனையும் திறந்த நீண்ட மரக்குழாய், அவ்வளவே. அக்குழாயின் ஒரு முனையில் உதட்டைப் பதித்து அதிரச் செய்தால், மறுமுனையில் மேக முழக்கம் போன்ற ஆழ்ந்த ஒலி எழுகின்றது.

1835ஆம் ஆண்டில் பிரித்தானியக் கடற்படை மருத்துவர் ஒருவர், இக்கருவியை ஊதும் பழங்குடி மனிதரின் படத்தைத் தம் பயண நூலில் வெளியிட்டார். அதற்கு 171 ஆண்டுகளுக்குப் பின்னர், 2006ஆம் ஆண்டில், சுவிட்சர்லாந்து நாட்டு மருத்துவர்கள், இதே கருவியைப் பயில்வது உறக்க நோய் ஒன்றைத் தணிக்கிறது என அளந்து காட்டினர். முன்னவர் இதனை ஒரு புதுமைப் பொருளாகக் கண்டார். பின்னவர்கள் மருந்தாகக் கண்டனர். இவ்விரண்டு மருத்துவக் கண்களுக்கும் இடைப்பட்ட வரலாற்றை அறிவது ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் பயன் தரும். பிற மக்களின் அறிவுச் செல்வத்தை எவ்வாறு ஏற்றுப் போற்றுவது என்னும் பாடம் அதனுள் அடங்கியுள்ளது.

பெயரும் ஊரும்

'டிஜெரிடூ' என்பது பழங்குடி மக்கள் இட்ட பெயரன்று. கருவியின் ஒலியைக் கேட்ட வெள்ளையர், அவ்வொலியைப் போலவே புனைந்து வழங்கிய பெயர் அது என்பதே பெரும்பாலோர் கருத்து. இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் ஆஸ்திரேலியச் செய்தித்தாள்களில் இச்சொல் தலைகாட்டத் தொடங்கியது. இதற்கு முன்பே அக்கருவிக்கு அவரவர் மொழியில் அழகிய பெயர்கள் இருந்தன. வடகிழக்கு ஆர்னெம் நிலப்பகுதியில் வாழும் யோல்ங்கு மக்கள் இதனை 'யிடாக்கி' என்பர். மேற்கு ஆர்னெம் நிலப்பகுதியில் வழங்கும் பெயர் 'மாகோ'. பெயர் வேறுபடுவதைப் போலவே கருவியின் வடிவும் ஊதும் முறையும் வேறுபடுகின்றன.

ஆஸ்திரேலியா முழுவதும் வாழ்ந்த பழங்குடியினர் அனைவரும் இக்கருவியை ஊதினர் என எண்ணுவது பொருந்தாது. சிட்னிப் பல்கலைக்கழகத்து மானிடவியல் பேராசிரியர் ஏ. பி. எல்கின் 1938ஆம் ஆண்டில் எழுதியபோது, வடக்கு நிலப்பகுதியின் வட மூன்றில் ஒரு பங்கிலும், அதனை அடுத்த கிழக்குக் கிம்பர்லியிலுமே இக்கருவி வழங்கியதாகக் குறித்தார். தெற்கே சிட்னியிலும் மெல்பர்னிலும் வாழ்ந்த குடிகளிடம் இஃது இருந்ததில்லை. இன்று கண்டம் முழுவதற்கும் இது பொதுச் சின்னமாகிவிட்டது உண்மையே. ஆயினும், அதன் தாயகம் வடக்கே என்பதை நாம் மறத்தலாகாது.

கறையான் செய்த கொடை

ஆர்னெம் நிலப்பகுதியின் காடுகளில் யூக்கலிப்டஸ் இன மரங்கள் நிறைந்துள்ளன. அம்மரங்களின் உள்வயிரத்தைக் கறையான் அரித்து உண்ணும். புறத்தே உள்ள உயிருள்ள பகுதியை விட்டுவிடும். மரம் நின்று வளர்ந்துகொண்டே இருக்க, அதன் நடுவே நீண்ட குடைவு உண்டாகும். கருவி செய்வோர் காட்டுள் சென்று, மரத்தைத் தட்டிப் பார்ப்பர். எழும் ஓசையைக் கொண்டே உள்ளே குடைவு எந்த அளவு உள்ளது என்று அறிந்துகொள்வர். தக்க மரத்தை வெட்டி, பட்டையை நீக்கி, உட்புறத்தைத் தூய்மை செய்து, வாய் வைக்கும் முனையில் தேன்மெழுகை வளையமாக ஒட்டுவர். பின்னர்த் தம் குலத்துக்கு உரிய ஓவியங்களை அதன்மேல் தீட்டுவதும் உண்டு.

இவ்வாறு செய்யப்படும் கருவி பொதுவாக ஒரு மீட்டருக்கும் மூன்று மீட்டருக்கும் இடைப்பட்ட நீளம் உடையது. குழாய் நீண்டால் ஒலி தாழும். குறுகினால் ஒலி உயரும். உட்குடைவைச் செய்தது மனிதனின் கருவியன்று, கறையானின் பல் என்பதால், ஒரு யிடாக்கியைப் போல் மற்றொரு யிடாக்கி அமைவதில்லை. ஒவ்வொன்றுக்கும் தனிக் குரல் உண்டு.

கருவியின் வயது

இக்கருவி நாற்பதாயிரம் ஆண்டுப் பழைமை உடையது என்று கூறுவோர் உளர். ஆஸ்திரேலியப் பழங்குடியினர் அக்கண்டத்தில் வாழ்ந்துவரும் காலம் அதற்கும் மேற்பட்டது என்பது தொல்பொருளாய்வு காட்டும் உண்மை. ஆனால், மக்களின் வயது வேறு. அவர்களுடைய கருவி ஒன்றின் வயது வேறு. ஆர்னெம் பீடபூமியின் பாறை ஓவியங்களில், பாடுவோர் இருவருடன் ஒருவர் இக்கருவியை ஊதும் காட்சி காணப்படுகின்றது. அவ்வோவியம் ஏறத்தாழ 1,500 ஆண்டுகளுக்கு உட்பட்ட காலத்தைச் சார்ந்தது என்பர் ஆய்வாளர். ஆகவே, ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட மரபு என்று கொள்வதே பொருந்தும்.

இதனைக் குறைவு என எண்ண வேண்டுவதில்லை. எழுத்தில் பதிக்காமல், பள்ளிக்கூடம் கட்டாமல், தந்தையும் மாமனும் மைந்தனுக்கு வாய்மொழியாகவும் செவிவழியாகவும் கற்பித்தே ஒரு நுண்கலையைத் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்தது சிறிய செயலா? உள்ள பெருமையை உள்ளவாறு சொன்னாலே போதும். இல்லாத ஆண்டுகளைக் கூட்டிச் சொல்லிப் பெருமை தேட வேண்டியதில்லை. நம் மொழியின் தொன்மையைப் பேசும்போதும் இந்நெறி நமக்குத் துணை நிற்கும்.

நமக்கு அண்மையில் ஒரு கரை

ஆர்னெம் நிலம் நமக்குத் தொலைவாகத் தோன்றலாம். வரலாற்றில் அது மலாய்த் தீவுலகின் அண்டை வீடாக இருந்தது. சுலாவெசித் தீவின் மக்காசார்த் துறையிலிருந்து கடலோடிகள் ஆண்டுதோறும் பருவக்காற்றின் துணையால் அக்கரைக்குச் சென்று, கடல் அட்டையைப் பிடித்துப் பதப்படுத்திக் கொணர்ந்தனர். பதினெட்டாம் நூற்றாண்டிலேயே தழைத்திருந்த இவ்வணிகம் 1907ஆம் ஆண்டில் முடிவுற்றது. அதன் சுவடு யோல்ங்கு மொழியில் இன்றும் உள்ளது. வெள்ளையரை அவர்கள் 'பலண்டா' என்பர். ஒல்லாந்தரைக் குறிக்கும் 'பெலாண்டா' என்னும் மலாய்ச் சொல்லே அது. பணத்தை 'ருப்பியா' என்பர். நாம் 'ரூபாய்' என வழங்குவதும் அச்சொல்லின் உறவே.

முன்னர்க் குறித்த கடற்படை மருத்துவரின் பெயர் டி. பி. வில்சன். அவர் பயணம் செய்த கப்பல் 1829ஆம் ஆண்டில் டோரஸ் நீரிணையில் உடைந்தது. படகேறித் தப்பித் தீமோரை அடைந்த அவர், அங்கிருந்து கோபர்க் தீவக்குறையில் உள்ள ராஃபிள்ஸ் விரிகுடாவுக்கு வந்தார். சிங்கப்பூரில் ஆங்கிலேயக் குடியேற்றத்தை நிறுவிய ஸ்டாம்ஃபர்ட் ராஃபிள்ஸின் பெயரையே அவ்விரிகுடா தாங்கி நிற்கின்றது. அவ்விடத்துப் பழங்குடி மனிதர் ஒருவர் கருவியை ஊதும் காட்சியே வில்சனின் நூலில் படமாக இடம்பெற்றது. அவ்வட்டாரத்தில் அக்காலத்தில் காணப்பட்ட கருவி மூங்கிலால் ஆனது. ஏறத்தாழ 3 அடி நீளம் உடையது.

வில்சன் மருத்துவர்தாம். எனினும், அக்கருவியை ஊதுவோரின் மூச்சில் அடங்கிய மருத்துவ நுட்பம் அன்று எவருக்கும் தோன்றவில்லை.

முடிவிலா மூச்சு

யிடாக்கி இசையின் உயிர் அதன் இடையறாத் தன்மை. பாடுவோர் பாடி நிறுத்துவர். ஆடுவோர் ஆடி நிற்பர். 'பில்மா' எனப்படும் தாளக்கோல்கள் ஒலித்து ஓயும். யிடாக்கியின் ஒலியோ பாட்டு முடியும் வரை அறுபடாது தொடர்ந்து ஓடும். மூச்சு வாங்குவதற்காக ஊதுவோன் நிறுத்துவதில்லை. இஃது எவ்வாறு இயலும்?

ஊதுவோன் தன் கன்னங்களில் சிறிது காற்றைச் சேமித்து வைக்கிறான். மார்பில் உள்ள காற்று குறையும் வேளையில், கன்னத் தசையாலும் நாவாலும் அச்சேமிப்பை அழுத்திக் குழாயினுள் செலுத்துகிறான். அந்தக் கண நேரத்திலேயே மூக்கின் வழியாகப் புதுக்காற்றை விரைந்து உள்ளிழுத்துக்கொள்கிறான். வாய் காற்றை வெளிவிட, மூக்கு காற்றை உள்வாங்க, ஒலி அறுபடாமல் தொடர்கின்றது. இதனை வட்ட மூச்சு என்பர்.

இம்முறை தமிழர்க்கு முற்றிலும் புதியதன்று. நாகசுர மேளத்தில் சுருதிக்காக ஒத்து ஊதுவோரும், மகுடி ஊதும் பாம்பாட்டியரும் இவ்வாறே காற்றைச் சுழற்றி ஊதுவர். திருக்கோயில்களில் ஒத்து ஊதுவோரின் கன்னம் உப்பி ஒடுங்குவதைக் கண்டோர், யிடாக்கியின் நுட்பத்தை எளிதில் உணர்வர். ஆனால், ஒத்து ஒரே ஒலியை நீட்டித்துத் தருவது. யிடாக்கியோ நாவின் அசைவாலும் தொண்டையின் சுருக்க விரிவாலும் ஒலியின் நிறத்தை நொடிக்கு நொடி மாற்றுவது. ஊதும்போதே குரலையும் இடையிடையே எழுப்பி, பறவையின் கூவலையும் விலங்கின் குரலையும் அதனுள் பொதிந்து தருவர்.

நியூ சௌத் வேல்சுப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தோர் உள்ளிட்ட இயற்பியல் அறிஞர்கள் இதனை ஆராய்ந்து, 2005ஆம் ஆண்டில் 'நேச்சர்' என்னும் அறிவியல் இதழில் தம் முடிவை வெளியிட்டனர். ஊதுவோனின் வாயும் தொண்டையும் சேர்ந்து அமைக்கும் உட்கூடத்தின் வடிவமே அக்கருவியின் ஒலி நிறத்தைத் தீர்மானிக்கிறது என்று அவர்கள் காட்டினர். மரக்குழாய் பாதிக் கருவி. மனிதனின் தொண்டை மீதிப் பாதி. உடல்நல ஆய்வுக்கு வாயிலாக அமைந்ததும் இவ்வுண்மையே.

உறக்கத்தில் தடைப்படும் மூச்சு

உறங்கும்போது நம் உடலின் தசைகள் தளர்கின்றன. நாவின் அடிப்பகுதியும் மெல்லண்ணமும் தொண்டைச் சுவரும் அவ்வாறே தளரும். சிலருக்கு இத்தளர்ச்சி மிகுந்து, காற்றுவழி குறுகிவிடும். குறுகிய வழியில் காற்று செல்லும்போது உண்டாகும் அதிர்ச்சியே குறட்டை. காற்றுவழி முற்றிலும் அடைபட்டால் மூச்சு நின்றுவிடும். உடனே மூளை விழித்துத் தசைகளை இறுக்க, மூச்சு மீண்டும் தொடங்கும். ஓர் இரவில் பல நூறு முறை இவ்வாறு நிகழ்ந்தாலும், உறங்குவோருக்குக் காலையில் நினைவிருப்பதில்லை. பகலெல்லாம் அயர்வும் தூக்கமும் வாட்டும். வண்டியோட்டும்போது கண்ணயர்ந்து விபத்துக்கு உள்ளாவதும், இரத்த அழுத்தம் உயர்வதும் இந்நோயின் விளைவுகளாகும்.

ஒரு மணி நேரத்தில் எத்தனை முறை மூச்சு நிற்கிறது அல்லது குன்றுகிறது என்பதைக் கொண்டு இந்நோயை அளப்பர். 5 முதல் 15 வரை இலேசானது. 15 முதல் 30 வரை நடுத்தரமானது. அதற்கு மேல் கடுமையானது. முகமூடி வழியாகக் காற்றைத் தொடர்ந்து அழுத்தத்துடன் செலுத்தி, தொண்டை அடைபடாமல் காக்கும் பொறியே இந்நோய்க்குரிய முதன்மைச் சிகிச்சை. அதனை உருவாக்கியவர் சிட்னி மருத்துவர் காலின் சல்லிவன். 1981ஆம் ஆண்டில் அதன் பயனை வெளியிட்டார். அப்பொறி பல உயிர்களைக் காத்துவருகின்றது. ஆயினும், இரவு முழுவதும் முகமூடி அணிந்து உறங்குவது எல்லோராலும் இயல்வதன்று.

சுவிட்சர்லாந்தின் ஆய்வு

சுவிட்சர்லாந்தில் டிஜெரிடூ கற்பித்துவந்த அலெக்ஸ் சுவாரெஸ் என்னும் ஆசிரியருக்கு இந்த உறக்க நோய் இருந்தது. கருவியை நாள்தோறும் பயின்றுவந்த காலத்தில் தம் குறட்டையும் பகல் அயர்வும் குறைந்ததை அவர் உணர்ந்தார். தம் அனுபவத்தை மருத்துவரிடம் கூறினார். மருத்துவர்கள் அதனை நகைத்து ஒதுக்கிவிடாமல், சோதித்துப் பார்க்க முற்பட்டனர். மிலோ புகான், ஓட்டோ பிரெண்ட்லி முதலியோர் சுவாரெசையும் சேர்த்துக்கொண்டு நடத்திய அவ்வாய்வு 2006ஆம் ஆண்டில் பிரித்தானிய மருத்துவ இதழில் வெளிவந்தது.

நடுத்தர அளவு நோயும் குறட்டையும் உடைய 25 பேர் ஆய்வில் பங்குகொண்டனர். திருவுளச்சீட்டுப் போன்ற முறையில் அவர்களை இரு பிரிவாக்கினர். 14 பேர் டிஜெரிடூ கற்றனர். 11 பேர் காத்திருப்போர் பட்டியலில் இருந்தனர். கற்றோர்க்கு ஏறத்தாழ 130 சென்டிமீட்டர் நீளமுள்ள நெகிழிக் குழாய்கள் தரப்பட்டன. முதற்பாடத்தில் உதட்டை அதிரச் செய்து ஒலியை நிலைநிறுத்தவும், இரண்டாம் பாடத்தில் வட்ட மூச்சும் கற்பிக்கப்பட்டன. வாரத்தில் 5 நாளேனும், நாளுக்கு 20 நிமிடமேனும் வீட்டில் பயில வேண்டும் என்பது விதி. அவர்களோ சராசரியாக வாரத்துக்கு 5.9 நாள், நாளுக்கு 25.3 நிமிடம் பயின்றனர். விதித்ததற்கு மேலும் பயின்ற மாணவர்கள் அவர்கள்!

நான்கு திங்கள் கழிந்தன. கருவி பயின்றோரிடம் மணிக்கு 22.3 என இருந்த மூச்சுத்தடை எண்ணிக்கை 11.6 ஆகக் குறைந்தது. பயிலாதோரிடம் அது 19.9இலிருந்து 15.4 ஆயிற்று. பகல் அயர்வை அளக்க மெல்பர்ன் நகரத்து மருத்துவர் மர்ரே ஜான்ஸ் 1991ஆம் ஆண்டில் வகுத்த எப்வொர்த் அளவுகோலைப் பயன்படுத்தினர். அதில் 10க்கு மேற்பட்டால் அயர்வு மிகுதி எனப் பொருள். பயின்றோர் 11.8இலிருந்து 7.4க்கு இறங்கினர், பயிலாதோர் 11.1இலிருந்து 9.6க்கு இறங்கினர். கருவி பயின்றோரின் துணைவர்கள் தம் உறக்கத்துக்கும் தொல்லை குறைந்தது என்று தெரிவித்தனர்.

காரணம் யாது? வட்ட மூச்சுக்கு நாவும் அண்ணமும் கன்னமும் தொண்டையும் இடையறாது உழைக்க வேண்டும். நாள்தோறும் உழைக்கும் தசை வலுப்பெறும். வலுப்பெற்ற தசை உறக்கத்திலும் எளிதில் சரிந்து விழாது என்பதே மருத்துவர் கருதும் விளக்கம். 2009ஆம் ஆண்டில் பிரேசில் நாட்டு ஆய்வாளர்கள், இசைக்கருவி எதுவுமின்றி நாவுக்கும் தொண்டைக்கும் மட்டும் மூன்று திங்கள் பயிற்சி அளித்து, நடுத்தர நோயாளிகளிடம் மூச்சுத்தடை 22.4இலிருந்து 13.7 ஆகக் குறைந்ததைக் கண்டனர். இம்முடிவு மேற்கண்ட விளக்கத்துக்கு அரண் செய்கிறது.

சுவிட்சர்லாந்து ஆய்வுக்கு 2017ஆம் ஆண்டில் 'இக் நோபல்' அமைதிப் பரிசு கிடைத்தது. முதலில் சிரிக்கவும் பின்னர்ச் சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்கு வழங்கப்படும் பரிசு அது. குறட்டை குறைந்தால் இல்லத்தில் அமைதி நிலவும் அன்றோ?

அளவறிந்து கூறல்

நன்மையைக் கூறும்போது அதன் எல்லையையும் சேர்த்துக் கூறுவதே ஆசிரியர்க்கு அழகு. அவ்வாய்வில் இருந்தோர் 25 பேர் மட்டுமே. காலம் நான்கு திங்கள் மட்டுமே. மிகு பருமன் உடையோரும் கடுமையான நோயினரும் அதில் சேர்க்கப்படவில்லை. கற்றோர்க்கும் கல்லாதோர்க்கும் தாம் எப்பிரிவினர் என்பது தெரிந்தே இருந்தது. மூச்சுத்தடையும் பகல் அயர்வும் குறைந்தனவே தவிர, உறக்கத்தின் தரம் பற்றிய வினாக்களுக்கு இரு பிரிவினரின் விடைகளும் குறிப்பிடத்தக்க அளவில் வேறுபடவில்லை. இவற்றை ஆய்வாளர்களே மறையாது எழுதியுள்ளனர்.

எல்லாத் துளைக்கருவிகளும் இந்நன்மையைத் தரும் என்றும் துணிதல் இயலாது. 2009ஆம் ஆண்டில் இசைக்குழுக் கலைஞர்களிடம் நடந்த ஆய்வில், துளைக்கருவி வாசிப்போருக்கும் பிறருக்கும் இந்நோய் வாய்ப்பில் வேறுபாடு காணப்படவில்லை. 2012ஆம் ஆண்டில் வெளிவந்த மற்றோர் ஆய்வு, ஓபோ, பசூன் போன்ற இரட்டைச் சீவாளிக் கருவிகளை வாசிப்போருக்கு மட்டும் நோய் வாய்ப்புக் குறைவு என்று கண்டது. எக்கருவி, எத்தகைய பயிற்சி, எத்துணைக் காலம் என்பவற்றைப் பொறுத்தே பயன் அமைகின்றது.

கருவியின் அதிர்வு மூட்டு நோயை நீக்கும், உள்ளுறுப்புகளைச் சீராக்கும் என்றெல்லாம் விற்பனைக்காகக் கூறப்படுவனவற்றுக்கு மேற்கண்டது போன்ற அளந்த சான்று இல்லை. கடும் மூச்சுத்தடை உடையோர் மருத்துவர் தந்த பொறியைத் தள்ளிவிட்டுக் குழாயை ஏந்துவது தீங்காய் முடியும். நல்ல பயிற்சி மருத்துவத்துக்குத் துணை, மாற்று ஆகாது.

சொந்த மண்ணில்

சுவிட்சர்லாந்தில் குறட்டை தணிந்தது. கருவியின் சொந்த மண்ணில் நிலை என்ன? ஆஸ்திரேலியப் பழங்குடியினரிடையே ஈளை நோய் பிற மக்களிடம் உள்ளதைவிட மிகுதி. குவீன்ஸ்லாந்து மாநிலத்தின் தூவூம்பா நகரில், தெற்குக் குவீன்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ராபர்ட் ஈலி, டான் கோர்மன் என்னும் இருவர், ஈளை உடைய பழங்குடி மக்களுக்கு ஆறு திங்கள் இசைப் பயிற்சி அளித்து, 2010ஆம் ஆண்டில் அதன் பயனை வெளியிட்டனர். ஆண்கள் டிஜெரிடூ பயின்றனர்; பெண்கள் பாட்டுப் பயின்றனர். கருவி பயின்ற சிறுவர்களின் மூச்சுத்திறன் உயர்ந்தது. மருத்துவமனைக்கு வரத் தயங்கிய குடும்பங்கள் இசை வகுப்புக்கு விரும்பி வந்தன. வந்த இடத்தில் ஈளை பற்றிய அறிவும் பெற்றன. தம் முன்னோரின் கலை தம் உடலைக் காக்கும் என்னும் உணர்வு சிறுவர்க்குத் தலைநிமிர்வைத் தந்தது. உடல்நலத்தோடு உள்ளநலமும் சேர்ந்த பயன் இது.

பெண்களுக்குப் பாட்டைத் தேர்ந்தமைக்கும் காரணம் உண்டு. சடங்குகளில் இக்கருவியை ஆடவரே ஊதுவர் என்பது பழங்குடி வழக்கம். வடக்கே, சடங்கு அல்லாத வேளைகளில் பெண்கள் ஊதியதும் உண்டு. தென்கிழக்கில் தடை கடுமையாகக் கருதப்படுகிறது. 2008ஆம் ஆண்டில் சிறுமியர்க்காக வெளிவந்த ஆஸ்திரேலிய நூல் ஒன்று டிஜெரிடூ ஊதும் முறையைக் கற்பித்தபோது, பழங்குடிக் கல்வியாளர் கண்டனம் தெரிவித்தனர். பதிப்பகம் வருத்தம் தெரிவித்து, அப்பகுதியை நீக்க இசைந்தது. தூவூம்பா ஆய்வாளர் அம்மக்களின் மரபை மதித்துப் பயிற்சியை வகுத்தமையால்தான் அவர்களது நம்பிக்கையையும் பெற்றனர்.

உரியவரை மறவாமை

இங்கே நாம் சற்று நின்று எண்ண வேண்டும். இக்கலையைக் காத்த மக்களை அவர்கள் நாடு எவ்வாறு காத்தது? 1967ஆம் ஆண்டு மே திங்களில் நடந்த பொது வாக்கெடுப்பு வரை, மக்கள்தொகைக் கணக்கில் பழங்குடியினரைச் சேர்க்கலாகாது என்னும் விதி ஆஸ்திரேலிய அரசியல் சட்டத்தில் இருந்தது. வாக்களித்தோரில் 90 விழுக்காட்டுக்கு மேற்பட்டோர் அதனை நீக்க இசைந்தனர். பழங்குடிக் குழந்தைகள் பல்லாண்டுக் காலம் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டு, விடுதிகளிலும் பிறர் இல்லங்களிலும் வளர்க்கப்பட்டனர். தந்தையிடமிருந்து மகன் பிரிக்கப்பட்டபோது மொழியும் பாட்டும் அறுந்தன. அக்கொடுமைக்காக ஆஸ்திரேலிய நாடாளுமன்றத்தில் பிரதமர் கெவின் ரட் 2008ஆம் ஆண்டு பிப்ரவரி 13ஆம் நாள் மன்னிப்புக் கேட்டார்.

உடல்நலத்திலும் இடைவெளி மறையவில்லை. 2020 முதல் 2022 வரையிலான அரசுக் கணக்கின்படி, பழங்குடி ஆண்களின் எதிர்பார்க்கும் வாழ்நாள் 71.9 ஆண்டு, பெண்களுக்கு 75.6 ஆண்டு. பிற ஆஸ்திரேலியரைவிட ஆண்கள் 8.8 ஆண்டும் பெண்கள் 8.1 ஆண்டும் குறைவாக வாழ்கின்றனர். உலகத்தார் நன்றாக உறங்க வழி தந்த ஒரு கலையின் உரிமையாளர், தம் வாழ்நாளில் எட்டாண்டுக்கு மேல் இழந்து நிற்கின்றனர். இக்கருவியின் மருத்துவப் பெருமையைப் பேசுவோர் இவ்வெண்களையும் பேச வேண்டும்.

வாணிகமும் அவர்களை விட்டுவைக்கவில்லை. இந்தோனேசியாவில் செய்த டிஜெரிடூ, பூமராங் முதலியவற்றைப் பழங்குடியினரின் கைவண்ணம் எனக் காட்டி விற்ற நிறுவனம் ஒன்றுக்கு, 2019ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியக் கூட்டரசு நீதிமன்றம் 23 இலட்சம் ஆஸ்திரேலிய வெள்ளி தண்டம் விதித்தது. பெயர் அவர்களுடையது, பொருளும் வருவாயும் பிறருடையன. மரத்தைக் கறையான் அரித்தால் குழல் பிறக்கிறது. மரபைப் பேராசை அரித்தால் எஞ்சுவது வெற்று ஓடே.

ஆயினும், அம்மக்கள் சோர்ந்துவிடவில்லை. 1986ஆம் ஆண்டில் தோன்றிய யோத்து யிண்டி இசைக்குழு, யிடாக்கியையும் பில்மாவையும் மேலை இசைக்கருவிகளோடு இணைத்து உலக மேடைகளில் ஏற்றியது. 1999ஆம் ஆண்டு முதல் ஆர்னெம் நிலத்தின் குல்குலாவில் நடைபெற்றுவரும் கார்மா விழாவில் யோல்ங்கு மக்கள் தம் பாட்டையும் ஆட்டத்தையும் தம் மண்ணிலேயே உலகுக்குக் காட்டுகின்றனர்.

நாம் கொள்ளும் பாடம்

ஆசிரியப் பெருமக்களே, மாணவச் செல்வங்களே! மருத்துவரிடம் தம் அனுபவத்தைச் சொன்ன இசையாசிரியர், அதனைப் புறந்தள்ளாமல் அளந்து பார்த்த மருத்துவர், மரபை மதித்துப் பயிற்சி வகுத்த ஆய்வாளர் ஆகிய மூவரும் நமக்கு வழிகாட்டுகின்றனர். பழைய மரபு என்பதாலேயே ஒன்றை வானளாவப் புகழ்தலும் பிழை. பழைய மரபு என்பதாலேயே இகழ்ந்து ஒதுக்குதலும் பிழை. சோதித்து அறிந்து, அறிந்த அளவே கூறி, அதனைத் தந்தவர்க்கு நன்றி பாராட்டுவதே அறிவுடையார் செயல்.

வகுப்பறையில் ஆஸ்திரேலியாவைப் பற்றிக் கற்பிக்கும்போது கங்காருவையும் கம்பளி ஆட்டையும் மட்டும் காட்டி அமையாமல், இக்குழலையும் காட்டுவோம். 'டிஜெரிடூ' என்று உலகம் இட்ட பெயரோடு, 'யிடாக்கி' என்று உரியவர் இட்ட பெயரையும் கரும்பலகையில் எழுதுவோம். தம் பெயரைப் பிறர் தவறாக ஒலிக்கும்போது எழும் வருத்தம் சிறுபான்மை மக்களாகிய நாம் அறியாததன்று. பிறர் பெயரைச் சரியாகச் சொல்லப் பழகும் மாணவன், பிறரை மதிக்கவும் பழகுகிறான்.

மூச்சு எல்லோர்க்கும் பொது. அதனை ஆளும் கலையை ஒரு முதுகுடி ஆயிரம் ஆண்டுக்கு மேல் காத்து வைத்திருந்தது. அக்கொடையால் இன்று யாரோ ஒருவர் எங்கோ ஒரு நகரில் இரவில் தடையின்றி மூச்சு விட்டு உறங்குகிறார். கொடையைப் பெற்ற உலகம் கொடுத்தவரின் நலத்தையும் நாடுமாக.